கட்டைகளை வெட்டி அடுக்கிக் கணக்கறிதல்

திண்டிவனத்திற்குக் கிழக்கே, கடற்கரையை அடுத்துள்ள மரக்காணத்து உப்பளங்களைக் கண்டோர், பாத்திகளின் ஓரத்தே வெண்குன்றுகள் போல உப்புக் குவிந்திருத்தலைப் பார்த்திருப்பர். மேற்கே செஞ்சிக்குச் செல்வோர், கோட்டையினுள் கலியாண மகால் என வழங்கும் பல நிலைக் கட்டடத்தின் உச்சியை நோக்குவர். சதுரமான அடியினின்று நான்கு சரிந்த முகங்கள் எழுந்து ஒரு நுனியிற் கூடும் கூரை அது. களத்து மேட்டிற் குவித்த நெல்லும் நிலக்கடலையும் ஏறக்குறைய இவ்வுருவினவே. அடியில் அகன்று மேலே ஒரு நுனியில் முடியும் இத்தகைய பொருளின் கன அளவு யாது?

அடிப்பரப்பை உயரத்தாற் பெருக்கி மூன்றால் வகுக்க என்னும் விதியைப் பள்ளிச் சிறுவரும் ஒப்பிப்பர். ஏன் மூன்றால் வகுத்தல் வேண்டும்? ஏன் இரண்டால் அன்று? இவ்வாறு வினவின் பெரிய வகுப்பு மாணவருட் சிலர் நுண்கணிதச் சூத்திரம் ஒன்றை எழுதிக் காட்டுவர்; பலர் வாளாவிருப்பர். சூத்திரத்தை விடுத்து, மரக்கட்டைகளை வெட்டியும் அடுக்கியும் இவ்விடையைக் காண்டல் இயலுமா என்பதே இவ்வியாசத்தின் பொருள். ஒரு பகுதி இயலும். ஒரு பகுதி எக்காலத்தும் இயலாது. இயலாது என்பதற்கும் நிரூபணம் உண்டு என்பதுதான் இதன் சுவை.

முதலில் தளவடிவங்களை எடுத்துக் கொள்வோம். ஒரு முக்கோணம் அதே அடியும் உயரமும் உடைய செவ்வகத்திற் பாதி. இதனை ஒரு காகிதத்தைக் கத்தரித்தே காட்டலாம். காகிதத்தைக் கொண்டே வடிவ கணிதம் கற்பித்தற்குத் தாண்டலம் சுந்தரராவ் என்பார் 1893-ல் சென்னையில் ஆங்கில நூல் ஒன்று வெளியிட்டார். மடிப்பதையே கருவியாகக் கொண்ட அந்நூலை ஜெர்மன் கணிதப் பேரறிஞர் பீலிக்ஸ் கிளைன் தம் நூலொன்றில் எடுத்துக் கூறினமையால் அது மேனாடுகளிலும் பரவி, அமெரிக்காவில் மறுபதிப்பும் பெற்றது. கத்தரிக்கோலுக்கோ காகிதத்தில் எல்லையே இல்லை எனலாம். நேர்கோடுகளால் அடைபட்ட இரண்டு தளவடிவங்கள் பரப்பிற் சமமாயின், ஒன்றை முடிவுள்ள சில துண்டுகளாக வெட்டி மற்றொன்றாகக் கூட்டுதல் எப்போதும் கூடும் என்பது 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நிறுவப்பட்டது. ஆங்கிலப் புதிர் ஆசிரியர் ஹென்றி டூடனி, சமபக்க முக்கோணம் ஒன்றை நான்கே துண்டுகளாக்கிச் சதுரமாக அமைக்கும் வழியை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகறியச் செய்தார்.

தளத்தில் இங்ஙனமாயின், கட்டைகளிலும் இங்ஙனமே இருத்தல் வேண்டும் என மனம் எளிதில் நம்பும். முக்கோணம் செவ்வகத்திற் பாதியாயின் கூம்பும் பெட்டியிற் பாதி என நினைத்தலும் இயல்பே. இவ்வெண்ணம் பெரியோரையும் விட்டதில்லை. கி. பி. 499-ல் தமக்கு வயது 23 எனத் தாமே குறித்துள்ள ஆரியபட்டர், ஆரியபடீயத்தின் கணிதபாதத்தில் முக்கோணத்தின் பரப்பைச் சரியாகக் கூறிவிட்டு, அதே சுலோகத்தின் பிற்பாதியில், ஆறு விளிம்புகளையுடைய திண்வடிவத்தின் கன அளவு அப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கியதிற் பாதி என்கிறார். அவ்வாசகத்திற்கு வேறு பொருள் காண முயன்றோரும் உளர், நேர்ப்பொருள் இதுவே. அடிப்பரப்பு 120 சதுர அடியும் உயரம் 10 அடியும் உள்ள ஓர் உப்புக் குவியலை இவ்விதிப்படி அளப்பின் 600 கன அடி வரும். உள்ளபடி இருப்பதோ 400 கன அடியே. இல்லாத 200 கன அடிக்கு வணிகன் விலை கொடுத்தவனாவான். பிரமகுப்தர் கி. பி. 628-ல் இயற்றிய நூலில் மூன்றிலொரு பங்கு என்னும் சரியான விதி காணப்படுகிறது. பாஸ்கராசாரியரின் லீலாவதியும் (1150) அதனையே கூறும். இவ்விருவரும் விதியைத் தந்தனரேயன்றி, ஏன் என்னும் வினாவிற்குச் சுலோகத்தில் இடம் தரவில்லை.

ஆரியபட்டர் கூம்பிற் பிழைத்தாரேனும், அதே பாதத்திற் படிப்படியான அடுக்குகளைப் பற்றிக் கூறியவை முற்றும் சரி. மேலே ஒரு கல், அதன்கீழ் 4 கல், அதன்கீழ் 9 கல், அதன்கீழ் 16 கல் என வர்க்க எண்களாகச் சதுர வரிசைகளை அடுக்குக. வரிசைகளின் தொகை எத்துணையோ அவ்வெண்ணையும், அதனோடு ஒன்று கூட்டியதையும், இவ்விரண்டின் கூட்டுத்தொகையையும் ஒன்றோடொன்று பெருக்கி ஆறால் வகுத்தால் மொத்தக் கற்களின் எண்ணிக்கை கிடைக்கும் என்பது அவர் விதியின் கருத்து. மூன்று வரிசையாயின் 3, 4, 7, பெருக்க 84, ஆறால் வகுக்க 14. எண்ணிப் பார்ப்பினும் 1, 4, 9 சேர்ந்து 14 ஆதல் காண்க. பத்து வரிசையாயின் 10, 11, 21, பெருக்க 2,310, விடை 385.

இவ்விதிக்கு நிரூபணம் தந்தவர் கேரளத்துத் திருக்கண்டியூரில் வாழ்ந்த நீலகண்ட சோமயாஜி. 1444-ல் பிறந்த இவர், தந்திரசங்கிரகம் என்னும் வானநூலை இயற்றியவர். முதிர்ந்த வயதில் ஆரியபடீயத்திற்கு ஒரு பாஷியம் எழுதினார். அதன் கணிதபாதப் பகுதி 1930-ல் திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசையில் அச்சேறியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் வே. இராகவனிடம் ஆராய்ச்சி செய்த டி. ஏ. சரஸ்வதி அம்மா, 1979-ல் வெளியான தமது இந்திய வடிவ கணித வரலாற்று நூலில் இத்தகைய நிரூபணங்களைப் பிறர் அறிய விளக்கினார். எண்களின் தொகையை எழுத்தாலும் குறியாலும் காட்டாமல், ஆறு அடுக்குகளை ஒருங்கே சேர்த்து ஒரு பெட்டியாக்கிக் கண்முன் நிறுத்துவது நீலகண்டரது முறை. அவர் கருத்தைப் பின்பற்றி, விடுதி மாணவரும் செய்து பார்க்கத்தக்க வகையில் ஈண்டு எழுதுகிறேன்.

தச்சுப் பட்டறையிற் கழிந்த ஒரு பலகையினின்று, ஓர் அங்குலக் கனமுள்ள சதுர வில்லைகளை அறுத்துக் கொள்க. மூன்றங்குலச் சதுரம் ஆறு; ஈரங்குலச் சதுரம் ஆறு; ஓரங்குலச் சதுரம், அதாவது ஓரங்குலக் கனசதுரம், ஆறு. இவை மூன்று வரிசை கொண்ட ஆறு அடுக்குகளுக்குச் சமம். இவற்றை 7 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் 3 அங்குல உயரமும் உள்ள ஒரு செவ்வகக் கட்டையாக, இடைவெளி சிறிதுமின்றிக் கூட்டுதல் வேண்டும். வெட்டாமல் முடியாது, எனினும் மிகுதியாக வெட்டவும் வேண்டாம்.

பெரிய வில்லைகள் ஆறனுள் ஒன்றை மட்டும் இரண்டாக அறுக்க. ஒரு துண்டு 3 அங்குலத்திற்கு 1 அங்குலம். மற்றது 3-க்கு 2. இப்பொழுது நீண்ட பக்கத்துச் சுவரை எழுப்புக. இரண்டு முழு வில்லைகளை அடுத்தடுத்து நிறுத்தி, இறுதியில் அந்த ஓரங்குலத் துண்டையும் நிறுத்தினால், 7 அங்குல நீளமும் 3 அங்குல உயரமும் உள்ள சுவர் ஆயிற்று. பெட்டியின் அகலம் 4 அங்குலம். சுவரின் கனம் 1 போக மீதி 3. ஆகவே இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு முழு வில்லை சரியாகப் பொருந்தி நிற்கும். இம்முனைச் சுவர்கள் இரண்டங்குலம் நீளத்தை எடுத்துக் கொள்ள, இடையே 5 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் உள்ள தரை எஞ்சும். அதிலே எஞ்சிய முழு வில்லை ஒன்றையும், 3-க்கு 2 ஆன துண்டையும் படுக்க வைக்க. தரை நிரம்பிற்று. ஆறு பெரிய வில்லைகளும் செலவாயின.

இனி நடுவே எஞ்சிய வெற்றிடத்தைப் பார்க்க. நீளம் 5, அகலம் 3, உயரம் 2. இஃது என்ன? இரண்டு வரிசை அடுக்குகளுக்குரிய பெட்டியே அன்றோ! ஆகவே ஈரங்குல வில்லைகள் ஆறனுள் ஒன்றை நடுவே அறுத்து, முன்போலவே சுவரும் முனைகளும் தரையும் அமைத்தால், அவை அவ்வெற்றிடத்தின் உட்புறத்தை மூடி, 3, 2, 1 அங்குலமுள்ள ஒரு சிறு குழியை விடும். ஆறு சிறு கனசதுரங்களும் அக்குழியில் அடங்கும். பெட்டி நிறைந்தது. ஒன்றும் மிஞ்சவில்லை, ஒன்றும் குறையவில்லை.

மூன்று வரிசைக்குச் சொன்னது எத்தனை வரிசைக்கும் ஒக்கும். வெளிக்கூட்டில் ஆறு பெரிய வில்லைகள் செலவாகி, ஒரு வரிசை குறைந்த அடுக்குகளுக்கு வேண்டிய அதே உருவிலுள்ள வெற்றிடம் எஞ்சுதலே இதன் உயிர்நிலை. நூறு வரிசையாயினும் கூட்டுக்குள் கூடாக இறங்கி இறுதியில் ஆறு சிறு கட்டைகளில் முடியும். இக்காலத்தார் கணிதத் தொகுத்தறிவு என்று பெயரிட்டு எழுத்தில் எழுதும் நியாயத்தையே இக்கட்டைகளிற் கையாற் தொட்டறியலாம். இயற்கணிதக் குறிகளால் அரைப்பக்கத்தில் நிறுவுதல் எளிதே. ஆயின் அந்நிரூபணம் விடை சரி என்று மட்டும் ஒப்புவிக்கும், இதுவோ விடை எங்கிருந்து வந்தது என்று காட்டும். இதுவே எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது.

இதனாற் கூம்பிற்கு ஆவதென்ன? படிப்படியான அடுக்கினைத் தொலைவிலிருந்து நோக்கின் அது செஞ்சிக் கூரை போலவே தோன்றும். பத்து வரிசை அடுக்கில் 385 கட்டைகள். அதனைச் சூழும் 10 அங்குலக் கனசதுரத்தில் 1,000 கட்டைகள். பங்கு 0.385. வரிசைகளை மெல்லியனவாக்கி நூறாக்கினால் 3,38,350-க்குப் பத்து லக்ஷம், அதாவது 0.33835. ஆயிரமாக்கினால் 0.3338335. படிகள் நுண்ணியவாகுந்தோறும் இவ்வெண் மூன்றிலொன்றை நெருங்கும். விரும்பிய அளவிற்கு நெருங்கும். நீலகண்டருக்குப் பின் அதே மரபில் வந்த ஜேஷ்டதேவர், மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷையில், மிகப் பெரிய எண் வரையுள்ள வர்க்கங்களின் தொகை அவ்வெண்ணின் கனத்தில் மூன்றிலொரு பங்கு எனக் கொண்டு, வட்டத்தின் சுற்றளவு முதலியவற்றிற்கு முடிவற்ற தொடர்கள் கண்டார். அடுக்கு ஆறு சேர்ந்து பெட்டியாயிற்று. பெட்டியின் நீளம் ஏறக்குறைய இரு மடங்கு. ஆறில் இரண்டு மூன்றிலொன்று. நம் உப்புக் குவியலின் கீழ் நிற்கும் மூன்று என்னும் எண் இவ்வழியாக வந்ததே.

ஆயினும் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழும். படியடுக்குக்கு முடிவுள்ள துண்டுகள் போதுமாயின. சரிந்த முகமுள்ள மெய்யான கூம்புக்கோ படிகளை எல்லையின்றி நுணுக்க வேண்டியதாயிற்று. காகித முக்கோணத்திற்கு இத்தொல்லை இல்லையே! சில சிறப்பான கூம்புகளுக்கும் இல்லை. ஒரு கனசதுரத்தின் ஒரு மூலையை நுனியாகக் கொண்டு, அம்மூலையைத் தொடாத மூன்று முகங்களையும் அடிகளாகக் கொண்டால், கனசதுரம் மூன்று ஒத்த கூம்புகளாகப் பிரியும். சேனைக்கிழங்கிலோ சவர்க்காரக் கட்டியிலோ வெட்டிப் பார்க்கலாம். சீன தேசத்து லியு ஹுய் என்பார் கி. பி. 263-ல் தம் உரையில் இக்கூம்பினை ஆராய்ந்தார். நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறுபட்டவிடத்து மூன்று துண்டுகளும் ஒத்த உருவினவாகா ஆதலால், அவரும் மேன்மேலும் பாதியாக்கிக் கொண்டே செல்லும் முடிவற்ற வழியையே மேற்கொண்டார். யவனர் நாட்டு யூடாக்சஸும் யூக்ளிடும் செய்ததும் அத்தகையதே. எல்லாரும் ஒரே ஆற்றைக் கடக்க ஒரே துறையில் இறங்கியிருத்தல் வியப்பு. 1844-ல் ஜெர்மனியப் பேராசிரியர் கௌஸ் தம் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதங்களில், இத்துணை எளிய உண்மைக்கு முடிவற்ற முறையன்றி வேறு வழி காணப்படவில்லையே என்று குறைப்பட்டுக் கொண்டார்.

1900-ல் பாரிஸ் மாநகரிற் கூடிய கணிதப் பேரவையையொட்டி டேவிட் ஹில்பர்ட் வெளியிட்ட 23 வினாக்களுள் மூன்றாவது இதுவே: சமமான அடியும் சமமான உயரமும் உடையனவாயினும், வெட்டிக் கூட்டி ஒன்றை மற்றொன்றாக்க இயலாத இரண்டு நான்முகிகள் உண்டா? (நான்கு முக்கோண முகங்களையுடைய கூம்பினையே நான்முகி என்கிறேன்.) அவ்வாண்டிலேயே அவருடைய மாணவர் மாக்ஸ் டேன், உண்டு என விடையிறுத்தார். ஹில்பர்ட்டின் வினாக்களுள் முதன்முதல் விடுவிக்கப்பட்டவற்றுள் இஃது ஒன்று.

டேனின் யுக்தி பெரிதும் அழகியது; அதன் சாரத்தைச் சொல்லலாம். ஒரு திண்வடிவத்தின் ஒவ்வொரு விளிம்பிலும் இரண்டு முகங்கள் ஒரு கோணத்திற் கூடுகின்றன. விளிம்பின் நீளத்தையும் அக்கோணத்தையும் இணையாகக் குறித்துக் கொள்க. கட்டையை வெட்டினால் என்ன நேரும்? பழைய விளிம்பு ஒன்று குறுக்கே வெட்டுண்டால் நீளம் பங்கிடப்படும்; நெடுக வெட்டுண்டால் கோணம் பங்கிடப்படும்; இரண்டிலும் கூட்டுத்தொகை மாறாது. கட்டையின் உள்ளேயோ முகத்திலோ புதிய விளிம்புகள் தோன்றினால், அவ்விடத்துத் துண்டுகளின் கோணங்கள் சேர்ந்து 360 பாகையோ 180 பாகையோ ஆகும். ஆகவே 180 பாகையின் பின்னங்களாக அமையும் கோணங்களையெல்லாம் பூச்சியம் எனத் தள்ளிவிட்டுக் கணக்கெழுதினால், எத்தனை முறை வெட்டினும் ஒட்டினும் அக்கணக்கு மாறாது நிற்கும். கனசதுரத்தின் கோணங்கள் யாவும் 90 பாகை. அதன் கணக்கு பூச்சியம். நான்கு சமபக்க முக்கோணங்களால் அமைந்த ஒழுங்கான நான்முகியின் கோணமோ ஏறக்குறைய 70 பாகை 32 கலை. அதன் கொசைன் மூன்றிலொன்று. அக்கோணத்தை இரட்டித்தால் கொசைன் குறை 7-க்கு 9. மும்மடங்காக்கினால் குறை 23-க்கு 27. நான்மடங்காக்கினால் 17-க்கு 81. கீழெண் 3, 9, 27, 81 எனப் பெருகிக் கொண்டே செல்ல, மேலெண் ஒருபோதும் மூன்றால் வகுபடுவதில்லை. ஆகவே எத்தனை மடங்காக்கினும் கொசைன் ஒன்றாகவோ குறை ஒன்றாகவோ வாராது. அக்கோணம் 180 பாகையின் பின்னமும் ஆகாது. நான்முகியின் கணக்கு பூச்சியமன்று. சமபக்க முக்கோணத்தை டூடனி நான்கு துண்டில் சதுரமாக்கினார். ஒழுங்கான நான்முகியையோ நான்கு கோடித் துண்டுகளாக வெட்டினும் கனசதுரமாக்குதல் ஒல்லாது.

கன அளவும் டேனின் கணக்கும் ஒத்தவிடத்து வெட்டிக் கூட்டுதல் கூடுமா என்னும் மறுதலை வினா 65 ஆண்டுகள் காத்திருந்தது. 1965-ல் ஸுவிட்ஸர்லாந்தைச் சார்ந்த சிட்லர், கூடும் என நிறுவினார்.

கூடும் என்னும் பக்கத்தில் முன்னரே உழைத்தவர் லண்டன் பேராசிரியர் எம். ஜே. எம். ஹில். கனசதுரத்தின் எதிர்மூலைகள் இரண்டைச் சேர்க்கும் மூலைவிட்டத்தின் வழியாக மூன்று தளங்களால் வெட்டினால், சம அளவுள்ள ஆறு நான்முகிகள் கிடைக்கும். அவற்றுள் மூன்று ஏனைய மூன்றின் கண்ணாடி நிழல்கள் போல்வன. இவை முதலான சில நான்முகிகளின் கன அளவை முடிவற்ற முறையின்றியே காணலாம் என ஹில் 1890-களின் நடுவிற் காட்டினார். தமிழ்நாட்டார்க்கு இப்பெயர் புதிதன்று. 1910-ல் சீனிவாச இராமானுஜன் வேலை நாடி, விழுப்புரம்–காட்பாடி இருப்புப்பாதையிலுள்ள திருக்கோவிலூருக்குச் சென்று, அங்கே டிப்டி கலெக்டராயிருந்த வி. இராமசுவாமி ஐயரிடம் தம் குறிப்பேட்டைக் காட்டினார். இந்தியக் கணித சங்கத்தை 1907-ல் தோற்றுவித்தவர் இராமசுவாமி ஐயர். இரண்டு ஆண்டுகட்குப் பின் சென்னைப் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், இராமானுஜனின் முடிவுகளுட் சிலவற்றைக் கருத்துரைக்குமாறு அனுப்பியது இந்த ஹில்லுக்கே. இராமானுஜனுக்குக் கணிதத்தில் ஆர்வமும் ஓரளவு திறனும் உண்டெனினும் முடிவற்ற தொடர்களில் வழுக்கி விழுந்துள்ளார் என்பது ஹில் தந்த விடை. முடிவற்றதைத் தவிர்த்தே கூம்பினை அளக்க முயன்றவரிடம், முடிவற்றதிலேயே வாழ்ந்தவரின் ஏடு சென்று சேர்ந்தது!

ஹில்லின் அறுவகைப் பிளவுக்கும் ஆரியபட்டருக்கும் உள்ள உறவு ஒன்றைச் சொல்லி விடுகிறேன். வர்க்க எண்களுக்குப் பதிலாக 1, 3, 6, 10 என முக்கோணமாகப் பரப்பிய வரிசைகளை அடுக்கினால், மொத்தக் கட்டைகள், அடுத்தடுத்த மூன்று எண்களின் பெருக்கத்தில் ஆறிலொன்று என்பது அவருடைய மற்றொரு விதி. மூன்று வரிசைக்கு 3, 4, 5, பெருக்க 60, விடை 10. இத்தகைய அடுக்குகள் ஆறு சேர்ந்தும் ஒரு பெட்டியாகும். இரண்டு முக்கோண வரிசைகளை எதிரெதிராகப் பொருத்தி, 4 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் உள்ள ஒரு செவ்வக வில்லையாக்கிக் கொள்க. அத்தகைய வில்லை மூன்று வரும். மூன்றையும் ஒரு முனைச் சுவராகவும், ஒரு பக்கச் சுவராகவும், தரையாகவும் வைத்து 5, 4, 3 அங்குலப் பெட்டியின் வெளிக்கூட்டை அமைத்தல் வேண்டும். இம்முறை ஒரு வில்லையையும் அறுக்க வேண்டியதில்லை. எதனை முதலில் நிறுத்துவது, எதனை இறுதியிற் படுக்க வைப்பது என்பதைப் படிப்போர் தாமே கண்டு கொள்க.